வெள்ளிக்கிழமை திறக்கப்பட்ட பெட்டி: வெளிநாட்டில் சகக் கல்வியாளர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சகக் கல்வி முறையில், அதாவது இளைஞர்களே இளைஞர்களுக்குக் கற்பிக்கும் முறையில், சுகாதாரக் கல்வி அளிக்க வெளிநாடு சென்ற ஒரு தன்னார்வலர் குழு, தன் மூன்றாவது வாரத்தில் சந்தித்த ஒரு நாளின் பதிவு இது. அந்தக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராக நான் இருந்தேன். தொடர்புடைய இளைஞரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே எழுதுகிறேன். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி இடம், பயிற்சிப் பிரிவு முதலிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிகழ்ச்சிகளின் வரிசையையும் நாங்கள் எடுத்த முடிவுகளையும், தவறானவை உட்பட, மாற்றவில்லை.

பின்னணி

குழுவில் பன்னிரண்டு பேர். ஆறு பேர் மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆறு பேர் அந்த ஊர்க்காரர்கள். எல்லோருக்கும் வயது 19 முதல் 24 வரை. வெளிநாட்டவர் ஒருவரும் உள்ளூர்க்காரர் ஒருவருமாக ஆறு இணைகள். பணிக்காலம் பத்து வாரம். பணியிடம் 18 முதல் 22 வயது வரையுள்ள சுமார் 140 பேர் படிக்கும் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில், பஸ் நிலையத்துக்கு அருகில், ஓர் அரசு சுகாதார நிலையம்.

பயணத்துக்கு முன் ஐந்து நாள் பயிற்சி நடந்தது. பாலியல் கல்விக்காக யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி நூலை ஒட்டிப் பாடங்கள் அமைந்திருந்தன. எச்.ஐ.வி. பரவும் வழிகள், கருத்தடை முறைகள், மாதவிடாய், மனநலம் எல்லாம் அதில் உண்டு. பயிற்சியின் முடிவில் வைத்த தேர்வில் பன்னிரண்டு பேரும் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். ஆணுறை கிழிந்துவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும் என்பது அவர்களில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு என்பதும் தெரியும். இதை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்த தவறு அறியாமையால் நேர்ந்ததில்லை.

நிலையத்தின் முதல்வரோடு எழுத்துப்பூர்வமான உடன்பாடு இருந்தது. கருத்தடை பற்றிய வகுப்பு ஆறாவது வாரத்தில்தான். அதற்கு முன் ஐந்தாவது வாரத்தில் பெற்றோர் கூட்டம். அது அவருடைய நிபந்தனை. அந்த நேரத்தில் அது எங்களுக்கு நியாயமாகவே பட்டது.

முதல் இரண்டு வாரங்களில் கண்டவை

இளைஞர்கள் வெளிநாட்டவரைச் சுற்றிக் கூடினார்கள். கேள்விகளும் அவர்களை நோக்கித்தான் வந்தன. உள்ளூர் இணையர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளராகவே நின்றார்கள். எங்கள் வாராந்தர அறிக்கையில் இதை 'நல்ல வரவேற்பு' என்று எழுதியிருந்தேன்.

இன்று அந்த வரியைப் படித்தால் கூசுகிறது. சகக் கல்வி என்பதன் அடிப்படையே, சொல்பவர் கேட்பவரைப் போன்றவர் என்பதுதான். வயது ஒத்துப்போவதால் மட்டும் யாரும் சகராகிவிடுவதில்லை. பத்து வாரத்தில் விமானம் ஏறப்போகிற 21 வயதுக்காரர், அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே வேலை தேடப்போகிற 21 வயதுக்காரருக்கு எப்படிச் சகர் ஆவார்? ஆனாலும் வெளியாருக்கு ஒரு பயன் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். நாளை கடைத்தெருவில் எதிர்ப்பட மாட்டார் என்ற நம்பிக்கையில் சிலர் அவரிடம் கூச்சமின்றிக் கேட்டார்கள்.

கூட்டத்தில் கேட்க வெட்கப்படுபவர்களுக்காக ஒரு கேள்விப் பெட்டி வைத்தோம். பழைய பிஸ்கட் தகரப் பெட்டி. பச்சை வண்ணம் அடித்து, மூடியில் பிளவு வெட்டி, சின்னப் பூட்டுப் போட்டு, நூலகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்தோம். ஒரே ஒரு சாவி. அது என் கழுத்துப் பட்டையில் தொங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறந்து, குழுவாக உட்கார்ந்து படித்து, அடுத்த வாரத்து வகுப்புகளில் பதில் சொல்வது என்று ஏற்பாடு. முதல் வாரம் நான்கு சீட்டுகள், இரண்டாம் வாரம் பதினேழு. முகப்பரு, மாதவிடாய் வலி, சுய இன்பத்தால் உடல் மெலியுமா என்ற கேள்வி, தன்னார்வலர் ஒருவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்ற விசாரணை. இவைதான் இருந்தன. எதிலும் அவசரம் இல்லை. வாரம் ஒரு முறை போதும் என்ற எங்கள் நினைப்பு அதனால் உறுதிப்பட்டது.

மூன்றாவது வெள்ளி, காலை 9.10

அன்று 31 சீட்டுகள். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியபோது கடைசியாக, அடியில் ஒட்டியிருந்து, தட்டிய பின் விழுந்தது ஒன்று. விரல் நகம் அளவுக்கு மடித்திருந்தது. கட்டம் போட்ட தாள்; பென்சில் எழுத்து. உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் பிரித்து, வழக்கம்போல் உரக்க மொழிபெயர்த்தார்:

"ஞாயிறு இரவு பத்து மணி இருக்கும். உறை கிழிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஏதாவது ஆகுமா? இப்போது செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?"

அந்த மொழியில் 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடு கிடையாது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதற்குச் சீட்டில் எந்தத் தடயமும் இல்லை. பெட்டியின் அடியில் கிடந்ததால் திங்கட்கிழமையே போட்டிருக்க வேண்டும் என்று ஊகித்தோம். ஒருவர் பெட்டியின் மூடியிலேயே சாக்கட்டியால் கணக்குப் போட்டார். ஞாயிறு இரவு பத்திலிருந்து வெள்ளி காலை ஒன்பது வரை 107 மணி நேரம். 72 முடிந்து ஒன்றரை நாள் ஆகிவிட்டது. 120 முடிய இன்னும் 13 மணி நேரம்.

திங்கட்கிழமையே அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் இரண்டு வழிகளும் திறந்திருக்கும். சாவி நான்கு நாளும் என் கழுத்தில்தான் இருந்தது.

முதல் முடிவு: தேடுவதா, வேண்டாமா

கட்டம் போட்ட தாளை அந்த நிலையத்தில் வரைபடம் போடும் ஒரு பிரிவினர் மட்டும்தான் பயன்படுத்துவார்கள் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பிரிவில் 24 பேர். வருகைப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்துகளோடு ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார் இன்னொருவர். குழு இரண்டாகப் பிரிந்தது. உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கூச்சம் பார்க்கலாமா என்பது ஒரு தரப்பு. பெயர் வேண்டாம் என்று சொல்லி வாங்கிய சீட்டைக் கொண்டு பெயரைத் தேடுவது மோசடி என்பது மறுதரப்பு.

தேட வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாக்கைக் காப்பாற்றுவது ஒரு காரணம். அதைவிட நடைமுறையான காரணம் ஒன்று இருந்தது. வகுப்பிலிருந்து ஒருவரை மட்டும் வெளியே அழைத்தால், 24 பேரும் பார்ப்பார்கள். மாலைக்குள் 140 பேருக்கும் தெரிந்துவிடும். அவர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பும் போய்விடும். அவரோடு உறவு கொண்டவரோ அந்த நிலையத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் இந்த முடிவில் எனக்கு முழு நிம்மதி இருந்தது என்று சொல்ல மாட்டேன். சீட்டில் வன்முறையின் சாயலோ தற்கொலை எண்ணமோ இருந்திருந்தால் பதிவேட்டைப் புரட்டியிருப்பேன். அந்த எல்லைக் கோட்டை நாங்கள் முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கவில்லை. முதல் வகுப்பில் மாணவர்களிடம் 'யாரிடமும் எதையும் சொல்ல மாட்டோம்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லியிருந்தோம். அது எங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு.

இரண்டாவது முடிவு: எல்லோருக்கும் சொல்வது

ஆளைத் தேடாவிட்டால், செய்தி ஆளைத் தேடிப் போக வேண்டும். எல்லா வகுப்புகளிலும் நண்பகலுக்குள் ஒரே அறிவிப்பு என்று தீர்மானித்தோம்.

ஒன்பதரைக்குச் சுகாதார நிலையத்தின் செவிலியரைத் தொலைபேசியில் பிடித்தோம். பயிற்சி நிலையத்துக்கே வந்து ஓர் அறையில் உட்கார முடியுமா என்று கேட்டேன். அவர் மறுத்தார். "நான் அங்கே வந்தால், என் அறைக்குள் யார் நுழைகிறார்கள் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு உங்களுக்கு அரை நாள் விடுமுறைதானே? எல்லோரும் எப்படியும் பஸ் நிலையத்துக்கு வருவார்கள். அவர்களை இங்கே அனுப்புங்கள். நான் நான்கு மணிவரை இருக்கிறேன்" என்றார். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அதை இப்படிப் பயன்படுத்தலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது முதல்வர். ஆறாவது வாரத்துக்கென்று ஒத்துக்கொண்ட பொருளை மூன்றாவது வாரத்தில் பேச அனுமதி கேட்க வேண்டும். நானும் எங்கள் உள்ளூர்க் கூட்டாளி அமைப்பின் ஒருங்கிணைப்பாளரும் போனோம். பேசியது அவர். சீட்டைக் காட்டவில்லை, இளைஞர்களின் உரிமை பற்றிய எங்கள் வழக்கமான உரையும் இல்லை. "பட்டறையில் தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறீர்கள். தீப்பிடிக்கும் என்று எதிர்பார்த்தா சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். முதல்வர் சிறிது நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வகுப்புக்கு ஐந்து நிமிடம், ஆசிரியர் உடனிருக்க வேண்டும், கேள்வி பதில் கூடாது என்று சொன்னார். யாருக்காக என்று அவர் கேட்கவே இல்லை. அவரைப் பற்றி நான் மனத்தில் ஓட்டி வைத்திருந்த வாதங்கள் அத்தனையும் வீணாயின.

ஆறு வகுப்பறைகளில் நடந்தது

அறிவிப்பை ஐந்து வாக்கியங்களாக எழுதிக்கொண்டோம். ஆணுறை கிழிந்தாலோ, பாதுகாப்பில்லாமல் உறவு நேர்ந்தாலோ செய்யக்கூடியவை உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை மூன்று நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்க ஐந்து நாள் வரை வழி உண்டு. நாள் கடந்துவிட்டது என்று நினைத்தாலும் போங்கள், பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் காலம் கடப்பதில்லை. பஸ் நிலையத்துக்கு அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் செவிலியர் இன்று நான்கு மணிவரை இருப்பார், பெயர் கேட்க மாட்டார்.

முதல் வகுப்பறையில் வெளிநாட்டுத் தன்னார்வலர் பேச, இணையர் மொழிபெயர்த்தார். 'தடுக்கும் மருந்து' என்பதற்கு அவர் சட்டென்று பயன்படுத்திய சொல், அந்த ஊரில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிக்கான சொல். பின் வரிசையில் ஒருவர் எழுந்து, "எய்ட்ஸுக்கு ஊசி வந்துவிட்டதா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டார். வகுப்பே நிமிர்ந்தது. கேள்வி பதில் கூடாது என்ற நிபந்தனை வேறு. இணையர் திருத்திச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

உடனே முறையை மாற்றினோம். மற்ற ஐந்து வகுப்பறைகளிலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் மட்டுமே, தங்கள் மொழியில், தங்கள் சொற்களில் பேசினார்கள். வெளிநாட்டவர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். முதல் வகுப்புக்குத் திரும்பிப் போய், அது ஊசி அல்ல, ஒருமுறை போட்டால் காலம் முழுக்கக் காக்கும் பொருளும் அல்ல, 28 நாள் தினமும் விழுங்கும் மாத்திரை என்று விளக்கினோம். அவசரக் கருத்தடை மாத்திரை ஏற்கெனவே உண்டான கருவைக் கலைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அதுவும் கருக்கலைப்பு மாத்திரையும் ஒன்று என்று ஒரு ஆசிரியரே நம்பிக்கொண்டிருந்தார்.

ஐந்து வகுப்பறைகளிலும் பேச்சு எவ்வளவு இயல்பாக ஓடியது என்பதை வெளியே நின்று கேட்டேன். சொற்கள் எனக்குப் புரியவில்லை. ஆனால் நாங்கள் பேசும்போது எப்போதும் விழும் அந்த இடைவெளி, பாதி வாக்கியத்தில் எல்லோரும் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்க்கும் அந்த நொடி, அன்று இல்லை.

அதன் பின்

பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவரிடம் 19 வயது மாணவர் ஒருவர் வந்து நின்றார். "அந்தச் சீட்டு" என்றார், அவ்வளவுதான். நம் ஆள் குழாயை மூடிவிட்டு, "வா, போகலாம்" என்றார். வழியில் மாணவர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதல்ல. "உங்களில் எத்தனை பேர் அதைப் படித்தீர்கள்?" உண்மையைச் சொன்னார்: பன்னிரண்டு பேரும், ஒருங்கிணைப்பாளரும். மாணவர் சிறிது தூரம் பேசாமல் நடந்தாராம்.

அவருடைய தோழி அந்த நிலையத்தில் படிப்பவரல்ல. சுகாதார நிலைய வாசலிலிருந்து மாணவர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பெண், வயது இருபது, மூன்று மணி இருபதுக்கு வந்து சேர்ந்தார். அப்போது 113 மணி நேரம் கடந்திருந்தது. செவிலியர் அவரிடம் மூடி மறைக்காமல் பேசினார். அங்கே கைவசம் இருந்த மாத்திரையின் பலன் நாள் ஆக ஆகக் குறையும். இந்த நேரத்தில் அதிகப் பலன் தருவது காப்பர்-டி, அதற்கு மாவட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டும், அனுப்பி வைக்கிறேன் என்றார். அவர் மாத்திரையையே தேர்ந்தெடுத்தார். மாதவிடாய் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனால் பரிசோதனைக்கு வரச் சொன்னார் செவிலியர். பத்து நாளில் வந்துவிட்டது என்று பின்னர் அறிந்தோம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு நேரம் கடந்துவிட்டதால் அது தரப்படவில்லை. இருவருக்கும் அன்றே ஒரு பரிசோதனை, ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதுவரை பாதுகாப்போடு இருக்கும்படி சொல்லி ஆணுறைகளும் கொடுத்தார்கள். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு ரப்பர் உறையைப் பலவீனமாக்கும் என்பது அந்த இளைஞருக்கு அன்றுதான் தெரிந்தது. கிழிந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

உறவு கொண்ட இருவரில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும், பிறப்புறுப்பு வழி உறவில் பரவும் வாய்ப்பு பத்தாயிரம் தடவைக்குப் பெண்ணுக்கு எட்டு, ஆணுக்கு நான்கு என்ற அளவில்தான் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. வேறு பால்வினை நோய் இருந்தால் கூடும். எங்கள் கையேட்டில் இந்த எண்கள் இருந்தன. அதைச் சொல்லித்தான் குழுவில் சிலர் அன்று மாலை ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். நான் அதில் சேர்ந்துகொள்ளவில்லை. எங்கள் தவறின் அளவை அந்த எண் குறைக்காது.

அன்று அந்த அறிவிப்பைக் கேட்டு மேலும் இரண்டு பேர் வந்ததாகச் செவிலியர் சொன்னார். எண்ணிக்கையை மட்டும்.

என்ன மாற்றினோம், என்ன மாற்ற வேண்டும்

மறுநாளே பெட்டியின் சாவியை என் கழுத்திலிருந்து கழற்றினேன். இரண்டு சாவிகள் செய்து இரண்டு உள்ளூர்த் தன்னார்வலர்களிடம் கொடுத்தோம். தினமும் பிற்பகல் இரண்டு மணிக்குத் திறப்பார்கள். விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையிலும் ஒருமுறை. சீட்டுகளை அந்த இருவர் மட்டுமே படிப்பார்கள். வகுப்புக்கு வேண்டிய பொதுக் கேள்விகளைத் தங்கள் கையெழுத்தில் பிரதி எடுத்துக் குழுவுக்குத் தருவார்கள். மூடியில் சாக்கட்டிக் கணக்கு அழியாமல் இருந்த இடத்தில் பெயின்டால் எழுதி வைத்தோம்: 'அவசரமானால் இதில் போடாதே. 72 மணி நேரம், 120 மணி நேரம். சுகாதார நிலையத்துக்குப் போ.' கீழே தொலைபேசி எண்.

'யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்ற வாக்கைத் திருத்தினோம். 'நீ யார் என்று தேட மாட்டோம். உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வோம்.' இது அவ்வளவு கவர்ச்சியான வாக்கல்ல. அந்த வாரம் சீட்டுகள் பாதியாகக் குறைந்தன; இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்பின.

பாடங்களின் வரிசை தலைகீழாக இருந்தது என்பதைத்தான் இன்னும் ஆழமான பிழையாக நினைக்கிறேன். எளிதானதில் தொடங்கிக் கூச்சமானதைக் கடைசியில் வைப்பது வகுப்பு நடத்துபவருக்கு வசதி. காலக்கெடு உள்ளவற்றை முதல் வாரத்திலேயே, ஐந்து நிமிட அறிவிப்பாகவாவது, சொல்லிவிட வேண்டும். முதல்வரோடு உடன்பாடு எழுதும்போதே அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். தீயணைப்புக் கருவி உவமை அன்றைக்கும் கிடைத்திருக்கும், பேச வேண்டியவரைப் பேசவிட்டிருந்தால்.

செவிலியரை நாங்கள் முதலில் நேரில் சந்தித்தது அந்த வெள்ளிக்குப் பிறகுதான் என்பதையும் பதிவு செய்கிறேன். பத்து வாரம் தங்கப்போகும் ஊரில் சுகாதார நிலையத்தை மூன்று வாரம் எட்டிப் பார்க்காதது எந்தச் சாக்குக்கும் அடங்காது. அதன் பிறகு, 2024 ஜூலையில், இந்தத் தடுப்பு மருந்தைச் சமூக அளவிலேயே வழங்கலாம், பயிற்சி பெற்ற சமூகச் சுகாதாரப் பணியாளர்களையும் மருந்தாளுநர்களையும் அதில் ஈடுபடுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வந்த இடங்களில் நான்கு கிலோமீட்டர் என்பது இன்னும் சுருங்கும். ஆனால் அங்கேயும் பெட்டியை யாராவது திறக்க வேண்டும்.

நான்காவது வாரம் முதல் வகுப்புகளை உள்ளூர்த் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். வெளிநாட்டவர் படங்கள் வரைந்தார்கள், விளையாட்டுகள் அமைத்தார்கள், கேள்விகளைத் தொகுத்தார்கள். அவர்களில் இருவருக்கு இது மனக்கசப்பாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தது ஓரமாக நிற்கவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் அவர்களுக்குப் பிடித்த பதில் இல்லை. ஒருவர் கடைசிவரை சமாதானமாகவில்லை.

முடிவு

பத்தாவது வாரம் நாங்கள் கிளம்பினோம். குழாயடியில் நின்ற அந்தத் தன்னார்வலர் இப்போதும் அதே நிலையத்தில் வகுப்பு நடத்துகிறார். சாவி அவரிடம்தான் இருக்கிறது. அந்த இளைஞரின் ஆறு வாரப் பரிசோதனைக்கு நாங்கள் அங்கே இருந்தோம். அவரோடு போனவர் தன்னார்வலர். நாங்கள் பஸ் நிலையம் வரைகூடப் போகவில்லை. மூன்று மாதப் பரிசோதனை நாங்கள் ஊர் திரும்பிய பிறகு நடந்தது. இந்தப் பதிவுக்கு இளைஞரின் ஒப்புதலைக் கேட்க அந்தத் தன்னார்வலர் மூலமாகத்தான் செய்தி அனுப்பினேன். 'எழுதட்டும், பெட்டியைப் பற்றி எழுதட்டும்' என்று பதில் வந்தது. பரிசோதனையின் முடிவு என்னவென்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.